கிறீன் துரையும் பச்சைச் செதிற்பூச்சியும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பின்புறத்தே, மதிலோரமாக, ஒரு தொட்டியில் தேசி மரம் ஒன்று நிற்கிறது. கடற்காற்றின் உப்பையும் அயல்வீட்டு மாடியின் நிழலையும் பொறுத்துக்கொண்டு, ஆண்டொன்றுக்கு இருபது முப்பது காய்களாவது தந்துவந்த மரம். சென்ற ஆண்டு அதன் இலைகள் அடுப்புக்கரி பூசினாற்போலக் கறுத்தன. அடித்தண்டிலிருந்து நுனிக்கொழுந்து வரை எறும்புகள் சாரிசாரியாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. இலையொன்றைப் பறித்துத் திருப்பிப் பார்த்தேன். நடுநரம்பின் இருமருங்கிலும், எள்ளளவினவாய், வெளிறிய பச்சை நிறத்தனவாய், இலையோடு இலையாக ஒட்டிக்கிடந்தன எண்ணற்ற சிற்றுயிர்கள். தொட்டால் ஓடவில்லை, பறக்கவில்லை. உயிருண்டோ என்றே ஐயுறத்தக்க கிடப்பு.

அயலிலுள்ள அன்பர் ஒருவர் மருந்து தெளிக்கும் கருவியோடு அன்று மாலையே வந்துவிட்டார். சில கிழமை பொறுக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். மாணவருக்கு இலை நரம்பு காட்டுவதற்கென்று நான் வைத்திருந்த பழைய கைவில்லையை எடுத்து, அப்பூச்சியை வெயிலிற் பிடித்துப் பார்த்தேன். தட்டையான நீள்வட்ட உடல். அதன் முதுகுத்தோலினூடே, வளைத்து எழுதிய ஓர் எழுத்தைப் போலக் கருமையான குடற்சுருள் தெரிந்தது. இதனைப் பச்சைச் செதிற்பூச்சி என்பர். நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய பகை இது. இலங்கையின் கோப்பிப் பயிருக்கு இறுதி அடி கொடுத்தவற்றுள் இதுவும் ஒன்று. இதனை முதன்முதல் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்து ஆராய்ந்து, உலகுக்கு அறிவித்து, இலத்தீனிற் பெயர் சூட்டியவர் இந்தக் கொழும்பு மாநகரிலேயே பிறந்தவர். எட்வேட் ஏர்ணஸ்ட் கிறீன் என்பது அவர் பெயர். பூச்சியியல் கற்பார் உலகெங்கும் அறிந்த அப்பெயரை, அவர் பிறந்த ஊரில் வாழும் நம்முள் அறிந்தவர் மிகச் சிலரே.

கிறீன் பிறந்தது 1861 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20 ஆம் நாள். அக்காலத்துக் கொழும்பைச் சற்று மனக்கண்முன் கொண்டுவருதல் வேண்டும். கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1867 இலேதான். அதற்கு முன்னர், மலைநாட்டுக் கோப்பி முழுவதும் மாட்டுவண்டிகளில் இறங்கி, கிராண்ட்பாசில் களனி கங்கையின் மேலிருந்த படகுப்பாலத்தைக் கடந்து நகருக்குள் நுழைந்தது. கொட்டாஞ்சேனையையும் அதனைச் சூழ்ந்த வடபகுதியையும் இன்று வண்டி நெரிசலுக்காக நாம் நொந்துகொள்கிறோம்; அன்றும் நெரிசல் இருந்தது, ஆனால் அது கோப்பி வண்டிகளின் நெரிசல். தோலோடு வந்த கோப்பியைக் கொழும்புக் களஞ்சியங்களின் பரந்த முற்றங்களில் உலர்த்தி, ஆலைகளிலே தோல் நீக்கி, பின்னர் கூட்டங்கூட்டமாக அமர்ந்த பெண்கள் கையாற் பொறுக்கித் தரம் பிரித்தனர். அந்தப் பெண்களின் விரல்களைக் கடந்தே இலங்கைக் கோப்பி இலண்டனுக்குக் கப்பலேறிற்று.

கிறீன் பிறந்த அதே 1861 இல், அவருடைய பிற்கால வாழ்வுக்கு முன்னுரை போல இரண்டு நூல்கள் வெளியாயின. ஒன்று, நீட்னர் என்னும் ஜெர்மானியத் தோட்டக்காரர் கொழும்பில் அச்சிட்ட, கோப்பி மரத்தின் பகைகளைப் பற்றிய நூல். மற்றொன்று, இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்து சென்ற சேர் எமேசன் ரெனன்ற் எழுதிய இலங்கை உயிரினங்கள் பற்றிய நூல். இவ்விரண்டையும் கூறாமற் கிறீனைப் பற்றிக் கூறுதல் அடித்தளமின்றிச் சுவரெழுப்புவதாகும்.

1840களிலேயே கோப்பித் தோட்டங்களில் ஒரு கபிலநிறச் செதிற்பூச்சி பெருகிவிட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த கார்டினர் அதுபற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1849 இல் அவர் காலமாகிவிட்டார். அடுத்து வந்த நீட்னர், பூச்சியை மட்டும் பார்த்தவரல்லர். பூச்சியைத் தின்னும் பூச்சியையும் பார்த்தார். இறந்த செதில்களைக் கண்ணாடிக்குள் அடைத்துவைத்து, அவற்றினுள்ளிருந்து வெளிவரும் நுண்ணிய குளவிகளைச் சேர்த்தார். செதிலின் அடியிற் குவிந்துள்ள முட்டைகளை உண்டு வளரும் நீலக்கருமைக் குளவி ஒன்றை அவர் ருஷ்ய நாட்டு அறிஞர் மொட்சுல்ஸ்கிக்கு அனுப்ப, அவர் 1859 இல் அதற்குப் பெயரிட்டார். அதே இனக் குளவியை 1900 இல் தென்னாபிரிக்காவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்று செதிற்பூச்சிக்கு எதிராக விடுத்தனர் என்றால், இலங்கை மலையிலே கண்ட காட்சியின் பெறுமதி புலப்படும். செதில்களைச் சுற்றி வெண்ணிறமாய்ப் படர்ந்து அவற்றை மாய்த்த ஒரு பங்கசையும் நீட்னர் குறித்துவைத்தார். இப்பங்கசைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

ரெனன்றின் நூலிலே என் மனத்தை விட்டகலாத செய்தி வேறொன்று. முசுறு என்று நாம் அழைக்கும் செவ்வெறும்பு கோப்பிப் பூச்சியை வேட்டையாடும் என்று கண்ட தோட்டக்காரர் சிலர், அதனைத் தோட்டங்களிலே குடியேற்ற முயன்றனராம். ஓர் உயிரைக் கொண்டு இன்னோர் உயிரை அடக்கும் இம்முறை புதியதன்று. சீன நாட்டவர் தோடை மரங்களிலே இதே எறும்பின் கூடுகளைக் கட்டிவைத்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. ஆனால் சீனத்துத் தோட்டத்திலே காய் பறிப்பவன் தன் மரத்தைத் தானே ஆள்பவன். இலங்கை மலையிலே கோப்பி பறித்தவர்கள், இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் கால்நடையாகவும் படகிலும் வந்த நம்மவர்கள். மேலாடையின்றி, எண்ணெய் பூசிய வெறும் உடம்போடு செடிகளுக்கிடையே புகுந்தவர்களை முசுறுகள் கவ்விக் கடித்தன. கடிபொறாது அவர்கள் தோட்டத்தை விட்டே போய்விடக்கூடும் என்ற நிலை வந்தபோது முயற்சி கைவிடப்பட்டது.

இதில் ஒரு நகைமுரணும் உண்டு. முசுறு செதிற்பூச்சிகளைத் தின்பது மட்டுமன்று. அவை சுரக்கும் இனிப்பு நீருக்காக அவற்றைப் பேணிக் காப்பதும் உண்டு. ஆகவே அந்தப் பரிசோதனை முழுமூச்சாக நடந்திருந்தால், தொழிலாளியின் முதுகும் புண்ணாகியிருக்கும், பூச்சியும் பெருகியிருக்கும். இலங்கையில் உயிரியற் கட்டுப்பாட்டின் வரலாறு இவ்வாறு, பிறருடைய உடம்பைக் கணக்கிற் கொள்ளாத ஒரு முயற்சியாகத் தொடங்கிற்று என்பதை நான் மறைத்து எழுத விரும்பவில்லை. முயற்சி நின்றதும் இரக்கத்தினால் என்று தோன்றவில்லை. ஆட்பஞ்சம் வந்துவிடும் என்ற அச்சத்தினாலேயே நின்றது போலும்.

கிறீன் இங்கிலாந்திலே சாட்டர்ஹவுஸ் பள்ளியிற் கல்வி கற்று, 1880 இல் இலங்கைக்கு மீண்டு, கோப்பித் தோட்டத் தொழிலில் இறங்கினார். பத்தொன்பது வயது. இறங்கிய வேளை மிகப் பொல்லாத வேளை. கோப்பித் துரு என்னும் இலைநோய் 1869 இல் மடுல்சீமைப் பக்கத்திலே தலைகாட்டி, பத்தாண்டுக்குள் தீவு முழுவதும் பரவிவிட்டிருந்தது. 1878 அளவில் ஏறத்தாழ 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கரிலே காடழித்துக் கோப்பி ஒன்றையே நட்டிருந்தார்கள். காற்றிலே பறக்கும் நோய்வித்துக்கு இதனினும் வாய்ப்பான விளைநிலம் வேறெங்கே கிடைக்கும்? கிறீன் வந்த அதே ஆண்டு இங்கிலாந்திலிருந்து மாஷல் வாட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய அரசினரால் அழைக்கப்பட்டு வந்தார். 1882 வரை தங்கி, நோயின் இயல்பை ஐயந்திரிபறக் காட்டிச் சென்றார். நோயை அறிந்துகொண்டார்கள், நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை.

வாட் கப்பலேறிய 1882 ஆம் ஆண்டளவிலே தான் பச்சைச் செதிற்பூச்சி மலைத்தோட்டங்களில் முதன்முதல் கவனத்துக்கு வந்தது. கபிலநிறப் பழம்பகையைப் போல இது குளிர்ந்த தோட்டங்களோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளுள் எங்கும் பரவிற்று. துருநோயால் இலையுதிர்ந்து, மீண்டும் தளிர்விட முயலும் செடியின் அந்த இளந்தளிரிலேயே போய் ஒட்டிக்கொண்டது. 1884 இல் ஒறியன்டல் வங்கி முறிந்தது. கடனிலே நின்ற தோட்டங்கள் பல கைமாறின, பல காடாயின. சம்பளம் பெறாத தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வந்த வழியே திரும்பினர். கோப்பியின் வீழ்ச்சியைத் துரைமாரின் நட்டக் கணக்காகவே நூல்கள் பேசுகின்றன. கொட்டாஞ்சேனைப் பக்கத்து முற்றங்களிற் கோப்பி பொறுக்கிய பெண்களுக்கு அதன்பின் கஞ்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பார் இல்லை.

இந்த அழிவின் நடுவே அந்த இளைஞர் செய்தது என்ன? பூண்டுலோயாவிலே தம் தோட்டத்து வீட்டில் அமர்ந்து, அழிப்பவனின் உருவத்தை வரைந்துகொண்டிருந்தார். இதனை வேடிக்கை என்று நினைப்பவர் நினைக்கட்டும். 1886 இல் அப்பச்சைப் பூச்சியைப் பற்றித் தோட்டக்காரருக்காகச் சிறு பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். 1889 இல் இங்கிலாந்து ஆய்விதழ் ஒன்றிலே அதனை முறைப்படி விவரித்து, லெக்கானியம் விரிடே என்று பெயரிட்டார். விரிடே என்றால் இலத்தீனிற் பச்சை. கிறீன் என்றால் ஆங்கிலத்திற் பச்சை. பூச்சியின் நிறம் பற்றியே அப்பெயர் இட்டாரென்பதில் ஐயமில்லை; எனினும் பெயரிட்டபோது அவர் இதழோரம் ஒரு சிறு முறுவல் அரும்பாதிருந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இன்று அதனைக் கொக்கஸ் விரிடிஸ் என்பர். முதலிற் பெயரிட்டவர் என்ற முறையிலே கிறீனின் பெயர் அதனைத் தொடர்ந்தே வருகிறது.

அப்பூச்சியின் வாழ்க்கை வியப்புக்குரியது. ஆணைக் காண்பது அரிது. பெண்ணே தனித்து நின்று பெருகும். ஒரு தாய் நூற்றுக்கணக்கான முட்டைகளைத் தன் உடலின் கீழே இடும். அவை இட்ட சிறிது நேரத்திலேயே பொரித்துவிடும். வெளிவந்த குஞ்சுகள் சில காலம் ஊர்ந்து திரிந்து, இலைநரம்பொன்றைத் தேர்ந்து, ஊசிபோன்ற வாயைச் செருகிக்கொண்டபின் பெரும்பாலும் அவ்விடம் விட்டுப் பெயர்வதில்லை. உறிஞ்சிய சாற்றில் மிகுந்த இனிப்பை நீராகக் கழிக்கும். அந்நீர் சிந்திய இலைமேற் கரும்பூஞ்சணம் படரும். என் தேசி இலைகள் கறுத்த காரணம் இதுவே. அவ்வினிப்புக்காக எறும்புகள் வரும். வந்த எறும்புகள், பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். பால் கறப்பவன் பசுவைப் புலியிடமிருந்து காப்பது போன்ற ஏற்பாடு இது. ஆதலால், செதிற்பூச்சியோடு பொர நினைப்பவன் முதலில் எறும்போடு பொருதல் வேண்டும்.

பூண்டுலோயா என்ற பெயரைப் பூச்சியியல் உலகிலே நிலைநாட்டியவர் கிறீன். அங்கே அவர் செய்த வேலைகளுள் நான் தலையாயதாகக் கருதுவது, பூச்சி பிடித்த கொப்புகளை மூடிய கலங்களில் வைத்துக் காத்திருந்தமை. நாள்கள் செல்லும், செதிலின் முதுகிலே ஊசித்துளை போல ஒரு வட்டத் துளை விழும், அதனூடே அரை மணியளவு கூட இல்லாத ஒரு குளவி வெளியே வரும். எந்தப் பூச்சியின் உடலிலிருந்து எந்தக் குளவி வந்தது என்று பிறழாமற் குறித்து, அவற்றை அமெரிக்காவின் வாசிங்டன் நகருக்கு அனுப்பினார். அங்கே ஹவார்டும் ஆஷ்மீடும் அவற்றை ஆராய்ந்து, இலங்கையிலே வளர்த்தெடுத்த ஒட்டுண்ணிக் குளவிகள் என்று 1896 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பல குளவிகள் உலகுக்கு அப்போதே புதியன. பொறுமையுள்ள ஒரு மனிதர் ஒரு மலைத்தோட்டத்து வீட்டிலிருந்து செய்யக்கூடிய பணிக்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அக்காலத்திலே கலிபோர்னியாவின் செய்தி உலகெங்கும் பேச்சாயிருந்தது. அங்கே தோடைத் தோட்டங்களை வெண்பஞ்சுச் செதிற்பூச்சி அழித்தபோது, ஆல்பேட் கேபலி என்பவர் அதன் தாயகமான அவுஸ்திரேலியாவுக்கு 1888 இற் சென்று, அதனை உண்ணும் செம்பொறிவண்டைக் கண்டு அனுப்பினார். முதல் மூன்று பொதிகளிலும் உயிரோடு போய்ச் சேர்ந்தவை 129 வண்டுகளே. அவற்றின் சந்ததி இரண்டாண்டுக்குள் பூச்சியை அடக்கிவிட்டது. உடனே எங்கும் பொறிவண்டு மோகம் பிறந்தது. நியூபோட் என்பவர் 1898 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வேறொரு பொறிவண்டைத் தென்னிந்தியாவுக்கு, கிறீன் பெயரிட்ட இதே பச்சைப் பூச்சிக்கெதிராகக் கொண்டுவந்தார். அவ்வண்டு பச்சைப் பூச்சியைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்நாட்டிலே நிலைத்துநின்று, மாவுப்பூச்சிகளைத் தின்று, வேறு வகையிற் கோப்பிக்காரருக்கு உதவலாயிற்று. இன்றும் அவ்வண்டை வளர்த்து விடுகிறார்கள். வந்த காரியம் ஒன்று, செய்த காரியம் மற்றொன்று. எந்த வண்டு எதனைத் தின்னும் என்பதை முன்னறிந்தாலன்றி இம்முறை சூதாட்டமே. அம்முன்னறிவுக்கு வேண்டிய அகராதியைத்தான் கிறீன் எழுதிக்கொண்டிருந்தார்.

இலங்கையின் செதிற்பூச்சிகள் பற்றிய அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1896 இல் வெளிவந்தது. இரண்டாவது 1899 இல், மூன்றாவது 1904 இல், நான்காவது 1909 இல். ஐந்தாவதும் இறுதியுமான பகுதி 1922 இல். இருபத்தாறு ஆண்டுகள்! படங்களை அவரே வரைந்தார். அவர் கைதேர்ந்த ஓவியர். கல்லச்சுக் கலையும் பயின்றவர். அப்படங்களிலே செதிற்பூச்சி ஒவ்வொன்றும் அது வாழும் இலையோடும் கொப்போடும் நிறம் பெற்றுக் கிடக்கும். அருவருத்துக் கசக்கி எறியும் உயிர்களை இத்துணை அழகாக ஒருவர் வரையக்கூடுமா என்று வியப்போம்.

இதற்கிடையிலே கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. 1890 இல் தேயிலைச் செடியின் பூச்சிகள் பற்றி ஒரு நூலை அவர் எழுதினார். 1897 இல் அரசினரின் கௌரவப் பூச்சியியலாளராகவும், 1899 இல் சம்பளம் பெறும் பூச்சியியலாளராகவும் அமர்த்தப்பெற்றார். இலங்கையில் அப்பதவி வகித்த முதல்வர் அவரே. பேராதனையிலே 1913 வரை பணியாற்றி ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். 1923, 1924 ஆம் ஆண்டுகளில் இலண்டன் பூச்சியியற் கழகத்தின் தலைவராக வீற்றிருந்தார். உத்தியோகக் காலத்து நிகழ்ச்சிகளை விரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவருடைய உயிரான வேலை பூண்டுலோயாவிலே தொடங்கியது, அவ்வளவே.

அவரிடத்து எனக்கொரு குறையும் உண்டு. மலையிலிருந்து அருங்காட்சியகங்களுக்குச் சென்ற பூச்சிகளின் சீட்டுகளிலே பூண்டுலோயா என்ற இடப்பெயர் இருக்கும். கிறீன் என்ற ஆட்பெயர் இருக்கும். நாள்முழுதும் ஒவ்வொரு கொழுந்தையும் விரலாலே தொட்டுப் பழகியவர்கள் தோட்டத்து ஆண்களும் பெண்களும். புதிதாக ஒரு பூச்சி வந்தால் முதலிற் காணக்கூடிய கண்கள் அவர்களுடையவை. அவர்களுள் ஒருவர் பெயரையேனும் அந்தச் சீட்டுகளிலே நான் கண்டதாக நினைவில்லை. அக்கால வழக்கம் அது என்று சமாதானம் கூறலாம், கூறிக்கொள்கிறேன், மனம் முழுதும் ஒப்பவில்லை.

கிறீன் நீண்ட ஆயுள் பெற்றவர். அதனால், தம் இளமைக்காலத்து வினாவுக்கு இலங்கை மலையிலேயே ஒரு விடை கிடைத்ததை அறியத்தக்க காலம் வரை இருந்தார். நீட்னர் 1861 இற் கோப்பிச் செடியிலே கண்டு பெயரிட்ட இலைசுருட்டிப் புழு ஒன்று உண்டு. ஹோமோனா கொஃபியாரியா என்ற அதன் பெயரிலே கோப்பியின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோப்பி அழிந்தபின் அப்புழு தேயிலைக்குத் தாவிப் பெரும்பகையாயிற்று. தலவாக்கொல்லையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு குளவியை வருவித்து விடுத்தனர். குளவி புழுவின் உடலிலே முட்டையிடும். பொரித்த குடம்பிகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். சில ஆண்டுகளில் மலைநாட்டின் பெரும்பாகத்தில் அப்புழுவின் கொடுமை தணிந்துவிட்டது. உலகத்து உயிரியற் கட்டுப்பாட்டு வெற்றிகளை எண்ணுவோர் தவறாமற் குறிப்பிடும் வெற்றி இது.

கிறீன் 1949 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் நாள், தமது 88 ஆம் வயதில் இங்கிலாந்திற் காலமானார். அதன் பின் நிகழ்ந்ததை அவர் அறியார். 1950களில் தேயிலைக் கொப்பைத் துளைக்கும் வண்டை ஒழிக்கவென்று டீல்ட்றின் என்னும் நஞ்சைத் தோட்டங்களிலே தெளித்தனர். வண்டு குறைந்தது; கூடவே ஜாவாக் குளவியும் மடிந்தது. காவலர் இல்லாத ஊரிலே களவு பெருகுவது போல, அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் கிளம்பிற்று. இருபதாண்டு அமைதியை ஒரு மருந்து குலைத்தது. அந்நஞ்சைத் தெளிகருவியிற் சுமந்து சென்ற முதுகுகள் யாருடையவை என்பதை இங்கே கூற வேண்டியதில்லை. முசுறு கடித்த முதுகுகளின் பேரப்பிள்ளைகள் அவை.

நீட்னர் கண்ட வெண்பங்கசை மீண்டும் சந்திப்போம் என்றேன். ஜாவாவிலே சிம்மர்மான் என்பவர் 1898 இல் அதற்குப் பெயரிட்டார். லெக்கானி என்ற அடைமொழி அதன் பெயரில் இன்றும் நிற்கிறது. மழைக்காலத்து ஈரத்திலே அது செதிற்பூச்சிக் கூட்டத்தின்மீது படர்ந்து, ஒவ்வொரு பூச்சியைச் சுற்றியும் வெள்ளை வளையமிட்டுக் கொல்லும். இந்நூற்றாண்டிலே மெக்சிக்கோ நாட்டின் சியாப்பாஸ் மலைக் கோப்பித் தோட்டங்களில் வண்டர்மீர், பெர்பெக்ரோ என்னும் இரு ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் ஆய்ந்து காட்டிய செய்தி கேட்கத்தக்கது. அங்கே எறும்புகள் பேணும் பச்சைச் செதிற்பூச்சிக் கூட்டங்களின்மேல் இப்பங்கசு பெருகுகிறது; பெருகியபின், அருகிலுள்ள செடிகளின் கோப்பித் துருவையும் அது பற்றித் தின்கிறது. பச்சைப் பூச்சியைக் கொல்லும் அதே பங்கசு துருநோயையும் தாக்கும். இலங்கைக் கோப்பியை மாய்த்த இரண்டு பகைக்கும் பொதுவான பகை! அதனை 1861 இல் ஒருவர் இந்த மலையிலேயே கண்டு எழுதிவைத்தார். துருநோய் வர இன்னும் எட்டாண்டு இருந்தது.

கண்டிருந்தும் என்ன பயன் என்று கேட்பார் கேட்கலாம். நிழல்மரம் வெட்டி, காடு வெட்டி, ஒரே செடியை இலட்சக்கணக்கான ஏக்கரிலே நட்டுவிட்ட நாட்டில், அப்பங்கசு ஒன்றே துருவை நிறுத்தியிருக்கும் என்று நான் துணிந்து கூறமாட்டேன். சியாப்பாசிலே அவர்கள் ஆய்ந்தது பல மரங்களின் நிழலிலே வளர்ந்த கோப்பியை. நம் மலையிலே நிழலும் இல்லை, பொறுமையும் இல்லை, காலமும் இல்லை.

என் தேசி மரத்துக்கு வருகிறேன். அயலன்பரின் மருந்தை நான் ஏற்கவில்லை. அடித்தண்டிலே பழந்துணியொன்றைச் சுற்றி, அதன்மேல் வண்டிச்சக்கரத்துக்கு இடும் கொழுப்பைப் பூசினேன். எறும்புகள் இரண்டு நாள் தண்டடியிலே வட்டமிட்டுத் திகைத்தன. பின்னர் வேறு வழி பார்த்துப் போயின. மதிலைத் தொட்டுநின்ற கொப்பொன்றால் மறுபடியும் ஏறின, அதனையும் வெட்டினேன். மூன்றாம் கிழமை, வாடைமழை தொடங்கியிருந்த ஒரு காலை, கைவில்லையோடு போய் இலைகளைத் திருப்பினேன். பச்சைச் செதில்கள் பல கபிலநிறமாய்க் காய்ந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஏழாவது இலையிலே, ஒரு செதிலின் முதுகில், வட்டமான சிறு துளையொன்று இருந்தது.

அயலன்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். துளையை அவர் ஒப்புக்கொண்டார். குளவியைக் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்றார். இலையைக் கொப்போடு ஒடித்து, ஜாம் போத்தல் ஒன்றிலே இட்டு, வாயைத் துணியாற் கட்டி, சமையலறை யன்னலில் வைத்திருக்கிறோம்.